நகைப்பெட்டியைத் திறக்கும் முன்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை நான் மூன்று முறை படித்தேன். தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் மறைந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. பொறியியல் படித்த மூத்த மகன், சென்னையில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறான். கடனுக்குச் சரக்கு அனுப்பும் துணி மொத்த வணிகர்களுக்கு, யாரிடமிருந்து எவ்வளவு நிலுவை வரவேண்டும் என்பதைக் கைப்பேசியிலேயே காட்டி, உரிய நாளில் நினைவூட்டும் ஓர் இணையச் சேவையைத் தொடங்கப் போகிறானாம். அதற்கு 12 லட்சம் ரூபாய் வேண்டும் என்கிறான். வீட்டில் 22 பவுன் நகை இருக்கிறது. அதன் பெரும்பகுதி இளையவளின் திருமணத்திற்கென்று வாப்பா சேர்த்து வைத்தது. அடகு வைத்தால் வட்டி. வைக்காவிட்டால் பிள்ளையின் முகவாட்டம். துபாயிலிருக்கும் தாய்மாமன் 5 லட்சம் வரை தருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாராம்.

“கொடுக்கவும் மனம் வரவில்லை, மறுக்கவும் மனம் வரவில்லை. நான் என்ன செய்ய?” என்று முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. படித்த பிள்ளைகள் உள்ள நம் இல்லங்கள் பலவற்றிலும் இன்று இப்பேச்சு எழுகிறது. ஆகவே, சகோதரிக்குச் சொல்லும் பதிலைத் தங்கள் அனைவருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த நகை யாருடையது? மகளுக்கென்று கொடுக்கப்பட்டிருந்தால் அது மகளின் உடைமை. தாயின் சொந்த நகையாயின் அது தாயின் உடைமை. வாப்பா விட்டுச் சென்ற சொத்தாயின் அதில் வாரிசுகள் அனைவருக்கும் பங்குண்டு. ஒரு பெண்ணின் பொருளில் அவளுடைய மனமுவந்த சம்மதமின்றிக் கைவைக்க மகனுக்கும் உரிமையில்லை, அண்ணனுக்கும் உரிமையில்லை. உம்மாவும் அண்ணனும் கலந்து பேசியிருக்கிறார்கள். அந்த இளைய பெண்ணை யாராவது கேட்டார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இனி, தொழிலுக்கு வருவோம்.

ஒரு துணிக்கடை நொடித்துப் போனாலும் சில பொருள்கள் மிஞ்சும். அலமாரியில் சரக்கு இருக்கும். கட்டடத்திற்குக் கொடுத்த முன்பணம் இருக்கும். தராசும் மேசையும் இருக்கும். விற்றால் பாதிக் கடனாவது அடையும். இணையத் தொழில் அப்படியன்று. பயன்படுத்த ஆளில்லாத மென்பொருளை எவரும் விலைக்கு வாங்கமாட்டார்கள். செலவான பணம் பெரும்பாலும் மாதச் சம்பளமாகக் கரைந்திருக்கும். பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள், வருமானமின்றி ஓடவேண்டிய தொழில் இது. முதல் மாதத்திலிருந்தே தவணை கேட்கும் கடன் இதற்குப் பொருந்தாது. முத்ரா முதலிய வங்கிக் கடன்களும் வட்டியோடு வருபவையே. மார்க்கம் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, வெறும் வாணிபக் கணக்காகப் பார்த்தாலும் அடகுக்கடன் இத்தொழிலுக்கு ஒவ்வாத முதல்.

அமெரிக்காவில் இத்தகைய தொழில்களுக்குப் பணம் போடுவோர் கடனாகத் தராமல் பங்காகத் தருவது இதனால்தான். வென்றால் வெற்றியில் பங்கு. தோற்றால் பணம் போயிற்று. தொழில் செய்தவனின் வீட்டு வாசலில் வந்து நிற்பதில்லை. நம் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முளாரபா என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும் கூட்டில் ஒருவர் முதல் தருகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபத்தை முன்பே பேசிக்கொண்ட விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். உழைப்பவரிடம் கவனக்குறைவோ வரம்புமீறலோ இல்லாதபோது நட்டம் வந்தால், முதல் தந்தவர் முதலை இழக்கிறார். உழைத்தவர் உழைப்பை இழக்கிறார். நபித்துவத்திற்கு முன், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்திற்குக் கொண்டு சென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாணிபம் செய்த வரலாற்றைத் தாங்கள் அறிவீர்கள். இக்காலத்துப் பங்கு முதலீடு அச்சொட்டாக முளாரபா ஆகிவிடாது. ஆயினும், நட்டத்தைப் பணம் போட்டவர் ஏற்கிறார் என்ற அடிப்படையில் அது வட்டிக் கடனைவிட நமக்கு மிக நெருக்கமானது.

ஆனால், பங்குப் பணத்தைத் தேடி ஓடுவதற்கும் இந்தப் பிள்ளைக்கு இன்னும் நேரம் வரவில்லை. 12 லட்சம் எதற்கு என்று தாய் அவனிடம் எழுதிக் கேட்டு எனக்கும் அனுப்பியிருக்கிறார். அலுவலக முன்பணம், இரண்டு நிரலாளர்களுக்கு ஆறு மாதச் சம்பளம், விளம்பரம், மேசை நாற்காலிகள். இவற்றில் எதுவும் இன்று தேவையில்லை என்பது என் எண்ணம். இன்று அவனுக்கு வேண்டியவை இரண்டு: கொஞ்சம் கல்வி, பத்து வாடிக்கையாளர்கள். முன்னதற்குப் பணம் வேண்டாம். பின்னது பணத்தால் வராது.

கல்வியைச் சொல்கிறேன். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை எவரும் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்; தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்னும் கணினி அறிமுகப் பாடமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2014இல் தொடங்கிய ஃபிரீகோட்கேம்ப், பெயருக்கேற்ப முழுவதும் இலவசம். தானே நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை, முதல் ஆறு மாதங்களுக்கு வேறொருவருக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை.

தொழில் நடத்தும் கல்வியும் அவ்வாறே. 2005இல் அமெரிக்காவில் பால் கிரகாமும் அவர் துணைவர்களும் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் என்ற நிறுவனம், புதுத் தொழில்களை ஆரம்ப நிலையிலேயே தேர்ந்தெடுத்துப் பணமும் பயிற்சியும் தருவது. அவர்கள் நடத்தும் ஸ்டார்ட்அப் ஸ்கூல் பாடங்கள் உலகில் எவருக்கும் இலவசம். 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொழில் தொடங்குவது குறித்து அவர்கள் நடத்திய விரிவுரைத் தொடரும் காணொளியாக இருக்கிறது. பால் கிரகாமின் கட்டுரைகளைப் படிக்கக் காசு வேண்டாம். “முதலீட்டாளரை அறிமுகம் செய்து வைக்கிறோம், 50,000 ரூபாய் கட்டிப் பயிற்சியில் சேருங்கள்” என்று விளம்பரம் செய்வோரும் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். உண்மையான முதலீட்டாளர் தம்மைச் சந்திக்கக் கட்டணம் வாங்குவதில்லை. அவ்வளவு சொன்னால் போதும்.

விலை கொடுத்து வாங்கத்தக்க புத்தகம் ஒன்றைச் சொல்கிறேன். ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013இல் எழுதிய ‘தி மாம் டெஸ்ட்’. அம்மாவை வைத்துச் செய்யும் சோதனை என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். “உம்மா, இப்படி ஒன்று செய்யப் போகிறேன், எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் எந்தத் தாயும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வாள். பிள்ளையின் மனம் நோகக் கூடாதே! வாணிபரும் மரியாதைக்காக அதையேதான் சொல்வார். ஆகவே, உன் திட்டத்தைப் பற்றிப் பேசாதே. அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிக் கேள் என்பது அந்நூலின் சாரம்.

நம் மகனுக்கு இதனை எப்படிப் பொருத்துவது? ஊரிலுள்ள பத்து மொத்த வணிகர்களிடம் போகட்டும். “என் செயலியை வாங்குவீர்களா?” என்று கேட்கவேண்டாம். “சென்ற மாதம் வராமல் நின்ற நிலுவை எவ்வளவு? அதை வசூலிக்க என்ன செய்தீர்கள்? ஆள் அனுப்பினீர்களா? அந்த ஆளுக்கு என்ன கொடுத்தீர்கள்?” என்று கேட்கட்டும். கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். நிலுவையை வசூலிக்க ஏற்கெனவே பணம் செலவிடுகிறவரே நாளை இவனுக்கும் பணம் கொடுப்பார். ஒன்றும் செய்யாமல் பெருமூச்சு மட்டும் விடுகிறவர், செயலியையும் பாராட்டிவிட்டுப் பெருமூச்சோடு உள்ளே போய்விடுவார்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கடன் கணக்கு எழுதி நினைவூட்டும் செயலிகள் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. ஓகேகிரெடிட், காத்தாபுக் ஆகியவை பெருமுதலீட்டோடு வளர்ந்தவை. சிறு வணிகர்களுக்கு இலவசமாகவே அறிமுகமானவை. தம்பி அவற்றைத் தன் கைப்பேசியில் இறக்கி ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தானா? இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, மாதம் 500 ரூபாய் கொடுத்து இவனிடம் ஏன் வரவேண்டும்? காரணம் இருக்கலாம். மொத்த வணிகத்தில் பில்லுக்குப் பில் தவணை வேறுபடும், திரும்பி வந்த சரக்கைக் கழிக்கவேண்டும், முகவர் கமிஷன் உண்டு. பெட்டிக்கடைக்குச் செய்த செயலி இதற்குப் போதாமலிருக்கலாம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதே அவனுடைய முதல் வேலை. நகையை அடகு வைத்தால் அக்காரணம் கிடைத்துவிடாது.

வாடிக்கையாளரின் பணமே தொழிலின் முதல் மூலதனமாக அமைந்த வரலாறுகள் நம் தமிழகத்திலேயே உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ நிறுவனம், வெளியாரின் பங்கு முதலீட்டை வாங்காமல் தன் விற்பனை வருவாயிலேயே வளர்ந்தது. திருச்சியில் வளர்ந்த கிரிஷ் மாத்ருபூதம், அதே நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு 2010இல் சென்னையில் தம் நண்பரோடு ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். 2011இல் சேவை வெளியானபோது அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு பள்ளி. வாடிக்கையாளர்கள் வந்து சேர்ந்த பின்னரே, அவ்வாண்டின் இறுதியில் ஆக்செல் நிறுவனம் 10 லட்சம் டாலர் முதலீடு செய்தது. பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறி, 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. அமெரிக்காவில் மெயில்சிம்ப் என்ற மின்னஞ்சல் சேவை, 2001 முதல் வெளி முதலீடே இல்லாமல் நடந்து, 2021இல் ஏறத்தாழ 1,200 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

வேடிக்கையான ஒன்றையும் கேளுங்கள். இன்று உலகெங்கும் வீடுகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி நிறுவனத்தாருக்கு 2008இல் முதலீடு தர எவரும் முன்வரவில்லை. கடன் அட்டைகளில் கடன் ஏறிக்கொண்டிருந்தது. அது அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டு. ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களைக் கொண்டு காலை உணவுத் தானியப் பெட்டிகளை அச்சடித்து, ஒரு பெட்டி 40 டாலர் என்று விற்று, ஏறத்தாழ 30,000 டாலர் ஈட்டினார்கள். ஒய் காம்பினேட்டரில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பால் கிரகாமின் மனத்தை மாற்றியது இந்தப் பெட்டிதான் என்பர். கடன் அட்டையைப் பின்பற்றச் சொல்லவில்லை. பெட்டியைக் கவனிக்கச் சொல்கிறேன். நம் பிள்ளையும் இரண்டு கடைகளுக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தோ, மாலையில் கணினி வகுப்பு எடுத்தோ தன் கைச்செலவை ஈட்டிக்கொண்டே இதைச் செய்யலாம்.

அடுத்து, மானியம். பத்தில் நான்கு வணிகர்கள் பணம் கொடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு தட்டவேண்டிய முதற்கதவு இது. நடுவண் அரசு 2016 ஜனவரியில் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தைத் தொடங்கியது. கம்பெனியாகவோ கூட்டு நிறுவனமாகவோ பதிவு செய்துகொண்டு, அதன்கீழ் அங்கீகாரம் பெறவேண்டும். இதற்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை, தரகர்கள்தாம் வாங்குகிறார்கள். இதன் தொடர்ச்சியாக 2021இல் வந்த விதை நிதித் திட்டத்திற்கு நான்கு ஆண்டுகளுக்கென 945 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாதிரி உருவாக்கவும் சோதிக்கவும் 20 லட்சம் வரை மானியம், சந்தையில் இறங்க 50 லட்சம் வரை கடன் அல்லது பங்காக மாறும் பத்திரம் என்று அதில் வகுத்திருந்தார்கள். மானியப் பகுதி வேறு, கடன் பகுதி வேறு என்பதை நம்மவர்கள் கவனிக்கவேண்டும். இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர் மையங்கள் வழியாகவே அப்பணம் வந்தது. தொடங்கி 2 ஆண்டுகளைக் கடந்த நிறுவனம் விண்ணப்பிக்க இயலாது என்பதும் ஒரு விதி. அவசரப்பட்டுக் கம்பெனி பதிவு செய்தால் அந்தக் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடும். இத்தகைய திட்டங்கள் ஆண்டுக்காண்டு மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் எது திறந்திருக்கிறது என்பதை மையத்திலேயே கேட்டறிய வேண்டும்.

மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பும் டான்சீட் என்ற பெயரில் 10 லட்சம் ரூபாய் அளவில் விதை நிதி வழங்கி வந்திருக்கிறது. மதுரை, திருநெல்வேலி, ஈரோடு ஆகிய நகரங்களில் அதன் வட்டார மையங்கள் அமைந்தன; தென்கோடிப் பிள்ளை சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலும், வண்டலூர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசண்ட் கல்வி நிறுவனத்திலும் தொழில் வளர் மையங்கள் இயங்குகின்றன. நிதி என்று பெயரிருந்தாலும் பங்கு கேட்கிறார்களா என்று நிபந்தனைகளை வரிவிடாமல் படியுங்கள். மானியம் தவணை தவணையாக, வேலை நடந்ததைக் காட்டக் காட்டத்தான் வரும். அதை நம்பி இன்றே ஆள் சேர்க்கலாகாது.

முதலீட்டாளர்களைப் பற்றிச் சிறிது. ஒய் காம்பினேட்டர் 2022 முதல் தான் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் 5 லட்சம் டாலர் தருகிறது, அதில் 1.25 லட்சம் டாலருக்கு 7 விழுக்காடு பங்கு. 2013இல் அவர்கள் ‘சேஃப்’ என்றொரு பத்திரத்தை உருவாக்கினார்கள். அதுவரை பழக்கத்திலிருந்த பங்காக மாறும் கடன் பத்திரத்தில் வட்டியும் தவணை நாளும் உண்டு. சேஃபில் இரண்டும் இல்லை. பின்னாளில் பங்கு கொடுப்பதாக வாக்களிக்கும் பத்திரம் அது. இதைக் கேட்டவுடன் நம் இளைஞர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். சற்றே பொறுங்கள். நம் நாட்டில் 2019இல் ஐசேஃப் என்ற பெயரில் வந்த வடிவம், சட்டத்திற்கேற்ப முன்னுரிமைப் பங்காக அமைக்கப்பட்டது. தொழிலைக் கலைக்கும்போது முதலீட்டாளருக்கே முதலில் பணம் என்பது இத்தகைய பங்குகளின் இயல்பு. பஹ்ரைனில் இயங்கும் ஆயோஃபி என்ற இஸ்லாமிய நிதி நெறிமுறை அமைப்பு, கலைப்பிலும் இலாபத்திலும் அத்தகைய பண முன்னுரிமை தரும் பங்குகளை வெளியிடுவதை ஏற்பதில்லை. எனவே கையெழுத்திடும் முன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாணிபச் சட்டம் அறிந்த ஓர் ஆலிமிடமும் ஒரு கம்பெனிச் செயலரிடமும் போங்கள். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் கொடுக்கிறேன்.

இறுதியாகத் துபாய் மாமா. என் கவலையெல்லாம் அங்கேதான். அடகுக் கடை நகையை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வாய்ப்பேச்சில் வாங்கிய உறவுப் பணம் உறவையே எடுத்துக்கொண்டுவிடும். இதில் நான் பட்டிருக்கிறேன். பல்லாண்டுகளுக்கு முன் என் மச்சான் ஒருவர் தொடங்கிய தொழிலில் நான் பணம் போட்டேன். அதைக் கூட்டு என்று நான் எண்ணியிருந்தேன். அவர் கைம்மாற்று என்று எண்ணியிருந்தார். தொழில் செழித்தது. போட்ட தொகையை அப்படியே ஒரு காகித உறையில் வைத்துக் கொடுத்தார். இருவரும் பொய் சொல்லவில்லை; எழுதத்தான் இல்லை. பெருநாளைக்குப் பெருநாள் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

மாமா தருவது அன்பளிப்பா, கடனா, பங்கா? இதை அவர் வாயாலேயே சொல்லவேண்டும். கடனென்றால் வட்டியின்றி எப்போது திருப்புவது என்று எழுதுங்கள். சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்வது உறவினருக்கும் சேர்த்துத்தான். பங்கென்றால் எத்தனை விழுக்காடு, தொழில் மூழ்கினால் பணமும் மூழ்கும் என்பதை எழுதுங்கள். பணம் வங்கி வழியாகவே வரவேண்டும். உண்டியல் வழியாக வந்த பணத்திற்குப் பங்கு ஒதுக்க முடியாது, பின்னாளில் வரும் எந்த முதலீட்டாளரும் அதைக் கண்டு ஓடிவிடுவார். தனியார் கம்பெனி, பங்குக்கென வாங்கிய பணத்திற்கு 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்கவேண்டும். தவறினால் அடுத்த 15 நாட்களில் பணத்தைத் திருப்பவேண்டும். அதுவும் தவறினால் 12 விழுக்காடு வட்டியோடு திருப்பச் சட்டம் சொல்கிறது. வட்டிக்கு அஞ்சி மாமாவிடம் போய், சோம்பலினால் வட்டிக்குள்ளேயே விழுவதா?

அந்த 5 லட்சம் போய்விட்டால் மாமாவின் வீட்டில் அடுப்பெரியுமா என்றும் கேளுங்கள். அங்கே அவர் எத்தனை பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார் என்பது மருமகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சகோதரியே, நகைப்பெட்டி பூட்டியபடி இருக்கட்டும். மகனை மறுத்துவிட்டதாக அவன் எண்ண வேண்டாம். மூன்று மாதம் வீட்டில் சோறும் ஓர் அறையும் இணைய இணைப்பும் தருவதாகச் சொல்லுங்கள், அதுவும் முதலீடுதான். கூட்டாளி யாரும் கிடைக்கவில்லையென்றால், கணக்கில் கெட்டிக்காரி என்று தாங்கள் எழுதியிருக்கும் அந்த இளைய மகளையே அண்ணன் கேட்டுப் பார்க்கட்டும். சேர்ந்தால் அவளுக்கும் பங்கை எழுதிக் கொடுக்கட்டும். பத்துக் கடைகளுக்கும் போய்வந்த பிறகு, எந்தக் கடைக்காரர் என்ன சொன்னார், யார் பணம் கொடுக்க முன்வந்தார் என்பதை அவன் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அதைப் பார்த்துவிட்டு இப்பகுதியில் மீண்டும் பேசுவோம்.